பாசி வளர்ப்பவன் படும் பாடு

உயிரோடிருக்கிறதா, செத்துப்போனதா என்று பார்த்துச் சொல்ல முடியாத சரக்கைக் கையாள்வதுதான் என் தொழில். இட்லி மாவு விற்பவர்களுக்கும் மீன்குஞ்சு விற்பவர்களுக்கும் என் நிலைமை புரியும். வறண்ட நிலத்தின் மேல்மண்ணில் ஒருவகைப் பாசி உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். நூல் போட்டுக் கட்டியதுபோல் மணலைப் பிடித்துவைத்து, மேலே மெல்லிய பொருக்காகப் படியும். பொருக்கு உடைந்தால் மண் காற்றோடு போய்விடும். அந்தப் பாசியை வளர்த்து நிலத்தில் மறுபடி தூவுகிறோம். வளர்க்கும் இடம், சுவரெல்லாம் எப்போதும் ஈரமாக இருக்கும் கொச்சி மட்டாஞ்சேரி.

மூடிய தட்டு

போன வருஷம் ஆடியில் திசையன்விளைப் பக்கம் ஒரு தேரிக்காட்டுக்குப் போனேன். கண்ணுக்கெட்டியவரை செம்மணல், ஆடிக்காற்றில் பறந்துகொண்டே இருந்தது. நிலத்துக்காரர் தங்கபுஷ்பம் அக்கா எனக்குச் சோறு போட்டு, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கொடுத்தார். மேல்தட்டைக் கொஞ்சம் தூக்கி, ஒரு வாய் எடுத்து, உடனே மூடிவிட வேண்டும். அப்படியும் பல்லில் நறநறவென்றது.

காற்றாலைக்காரர்கள் அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகன்கள் கொடுத்துவிடலாம் என்றார்கள், அக்காவுக்கு மனசில்லை. ஒரு வருஷம் உழாமல், ஆடு விடாமல் போட்டுவைத்தால் மண்ணை நிறுத்திக் காட்டுகிறேன் என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். பனைமரத்தடியில் மிஞ்சியிருந்த பொருக்கைச் சுரண்டி என் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "அடுத்த ஆடி வரைக்கும் பாப்பேன் தம்பி. அப்பவும் சோத்துல மண்ணு விழுந்தா வித்துருவேன். ஒங்க மேல வருத்தப்பட மாட்டேன்."

இலவசப் பாசி

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் படுத்தியது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட நிம்மதியாக ஊர் வந்து சேர்ந்திருப்பேன்.

எங்கள் வளர்ப்புக்கூடம் ஒரு பழைய மிளகு கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் சுபைர் இக்கா. மொட்டைமாடியில் கண்ணாடித்தகடு போட்ட கூரையின்கீழ் எட்டுத் தட்டுகளில் நான் பாசி வளர்ப்பதைப் பார்க்க ஒருநாள் ஏறி வந்தார். இது அந்தத் தேரி மண்ணிலேயே பிறந்த பாசி, அந்த வெயிலைத் தாங்கக் கூடியது, வேறெதுவும் அங்கே பிழைக்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பச்சைப்பசேலென்று வழுக்கும் கைப்பிடிச்சுவரைக் காட்டினார். பாசியை இங்கே பாயல் என்பார்கள். "இவிடெயுள்ள பாயல் முழுவன் ஃப்ரீயாயிட்டு தராம் மோனே. கொண்டுபோய்க்கோ."

ஓணத்துக்குச் சுத்தம்

கொச்சியில் பாசி என்பது வீட்டுக்கு வீடு எதிரி. ஓணம் வந்தால் முற்றம், மாடி, படிக்கட்டு எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். இது தெரிந்தும், ஓணத்துக்கு முந்தின நாள் மச்சினன் வீட்டுக்கென்று ஆலுவாவுக்குப் போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கட்டிடம் பெருக்கும் செல்வி திண்டுக்கல்காரி. கொச்சிக்கு வந்து பல வருஷம் ஆகிறது, வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மாடியைச் சுத்தம் பண்ணு என்று கட்டிடத்துச் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஆறு தட்டுகள் கல்யாணத்துக்கு வாங்கியவைபோல் பளபளவென்று சுவரில் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு தட்டாகத் திருப்பிப் பார்த்தேன். செல்வி பக்கத்தில் வந்து குற்ற உணர்ச்சியோடு சொன்னாள்: "ரெண்டு தட்டு பாக்கி நின்னுபோச்சு சேட்டா, பவுடர் தீந்துடுச்சு. நாளைக்கு வந்து அதையும் தேச்சுடறேன்."

உண்மை சொன்ன நாள்

மிச்சமிருந்த இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு என்ன முயன்றாலும் ஐப்பசி மழைக்குள் முழு நிலத்துக்குத் தேறாது. கால்வாசிக்குத்தான் வரும். மூன்று நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நாலாம் நாள் நடந்ததை எல்லாம் அக்காவிடம் ஒப்பித்தேன். எத்தனை தட்டு மிச்சம் என்று மட்டும் கேட்டார். சரி, காற்றாலைக்காரர்களைக் கூப்பிடப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உள்ளதக் கொண்டாங்க தம்பி. காத்து வர்ற பக்கமா, வீட்டுக்கு மேக்கால போட்டுருவோம். சோறு திங்கிற எடத்துக்குத்தான மொதல்ல வேணும்."

தொட்டுப் பார்த்தல்

கொச்சி ஈரத்தில் வளர்ந்தது தேரிக்குப் போனால் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை நிறுத்தி வாட வைத்துப் பழக்க வேண்டும். வாடியதும் தோசைக்கல்லில் தீய்ந்த மாவுபோல் கறுத்துச் சுருண்டுவிடும். செத்திருந்தாலும் அதே நிறம்தான். ஒரு துண்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பச்சை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒரு துண்டை வீட்டுக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டேன். சொட்டு விடுவதும் விரலால் தொடுவதுமாக இருந்த என்னை என் மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கொழந்தைக்கு ஜுரம் வந்தப்போகூட நீங்க இத்தனை வாட்டி தொட்டுப் பாக்கலை."

ஆடி

பச்சை திரும்பியது. மூட்டையோடு ரயிலேறி, ஐப்பசியில் முதல் மழைக்கு முன்னால் வீட்டுக்கு மேற்கே தூவிவிட்டு வந்தேன். பிறகு இந்த ஆடிவரை எனக்கு வேலையே காத்திருப்பதுதான். ஆடி பிறந்ததும் போன் செய்யத் தைரியம் வரவில்லை. செய்தித்தாளில் காற்று என்ற சொல்லைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

பத்து நாள் கழித்து அக்காவே கூப்பிட்டார். வீடு, பிள்ளைகள், பஸ் வசதி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, நான் கேட்கப் பயந்ததற்குக் கடைசியில் வந்தார். "காத்தாடிக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. நேத்து நல்ல காத்து. தட்ட மூடாமத்தான் சோறு தின்னேன் தம்பி. ரெண்டே ரெண்டு மணலுதான் கடிச்சுது."

நிலம் தப்பித்ததில் அக்காவுக்கு நிம்மதி, நான் மட்டும் அந்த இரண்டு மணலும் பாசி தூவிய பக்கத்திலிருந்து வந்தவையா, தூவாத பக்கத்திலிருந்து வந்தவையா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.