வாத்தியார் சுவாமியின் கைக்கணினி

கையடக்கக் கணினி வியாபாரத்தில், பணம் கொடுத்துப் பெட்டியை எடுத்துப் போகிறவர் ‘எழுத வரவில்லை’ என்று மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். செல்போனில் நாள் குறித்துவிட்டு, குறித்ததையே மறந்துபோகும் உங்களுக்கு அந்த அவஸ்தை புரியும். செல்போனில் எல்லாம் வருவதற்கு முன்னால், சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர் பாயின் கால்குலேட்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில், குச்சியால் எழுதும் அந்தப் பெட்டிகளைப் பாய் வரவழைத்தார். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்ததுதான் என் படிப்பு.

எது நல்லது?

ஸ்ரீரங்கத்திலிருந்து வாத்தியார் சுவாமி வந்தார். வீடு வீடாகப் போய்த் திதி, சிராத்தம் செய்துவைக்கிறவர். கொஞ்ச நாளாக மறதி. ஒரே நாளில், ஒரே வேளைக்கு, இரண்டு வீட்டில் வருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார். ஒரு வீட்டார் இலை போட்டுக் காத்திருந்தார்கள். விஷயம் பெங்களூரில் இருக்கும் மகன் காதுக்குப் போய்விட்டது.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிண்டு என்னோட கிளம்பிடணும்னுட்டான். கொள்ளிடமும் காவேரியும் இல்லாத ஊர்ல நான் எங்க போய் முழுகறது?” என்றார்.

கலர் திரை உள்ளதையும் கறுப்பு வெள்ளையையும் எடுத்து வைத்தேன். கலரைத் தினமும் சார்ஜ் போட வேண்டும். கறுப்பு வெள்ளைக்குச் சின்ன பேட்டரி இரண்டு போதும், வாரக்கணக்கில் ஓடும். விலை குறைந்த கறுப்பு வெள்ளையே போதும் என்று நான் சொன்னதில் பாய்க்கு வருத்தம்தான். வாத்தியார் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். மடித்துணி வைக்கும் மடிசஞ்சிப் பைக்குள் வைத்துப் பார்த்தார்.

“பளபளன்னு இருந்தா ஆத்துக் குழந்தைகள் பிடுங்கிண்டுடும். அழுமூஞ்சியையே கொடுங்கோ” என்றார்.

நடுக்கோடு இல்லாத ஏ

பெட்டிக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷிலும் அதற்கென்று ஒரு கையெழுத்து. குச்சியை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். ஏ எழுதினால் நடுவில் கோடு போடக் கூடாது. போட்டால் அதை வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். வாத்தியார் கோடு போடாமல் இருக்க மாட்டார். மத்தியான வேளையில் வந்து உட்காருவார். ‘ஏ’ வரும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக்கொள்வார்.

விஜயதசமி வந்தது. கடையில் சுண்டல் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு சொன்னார்:

“அறுபது வயசுல மறுபடியும் அட்சராப்பியாசம். அப்போ எங்கப்பா நெல்லுல எழுத வெச்சார், இப்போ நீங்க கண்ணாடியில எழுத வெக்கறேள்.”

முசிறிக் குச்சி

அதே பெட்டியை முசிறியிலிருந்து ஒரு வாழை வியாபாரியும் வாங்கினார். ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். திரையெல்லாம் கீறல், மூலைகளில் வாழைக்கறை. எழுதும் குச்சி முதல் வாரமே லாரியில் விழுந்துவிட்டதாம். தென்னை ஈர்க்குச்சியைச் சீவி எழுதியிருக்கிறார்.

வேறு குச்சி சென்னையிலிருந்துதான் வர வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் தன் கையைத் தானே பிடித்து எழுதிப் பழகிக்கொண்டிருந்த வாத்தியாரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“பெட்டி நல்ல பெட்டிதாங்க. குச்சிக்கு மெட்ராஸ் போவணும்னா, அதுக்குள்ள பழம் அழுகிடுமே!”

வாசலில் கோலம்

வாத்தியார் தேறிவிட்டார். தான் போகும் வீடுகளின் திதி நாட்களை எல்லாம் தேதி போட்டு ஏற்றினார். ‘ஒவ்வொரு வருஷமும்’ என்று ஓர் இடத்தைத் தொட்டால் வருஷா வருஷம் மணி அடிக்கும் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். ஒரு வருஷம் பிசகில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் மணி அடித்தது. குளித்து, மடியாகத் தர்ப்பையை எடுத்துக்கொண்டு உத்தர வீதியில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் பெரிதாகக் கோலம். திதி நாளில் அவர்கள் வாசலில் கோலம் போட மாட்டார்கள். அங்கேயே கால் நின்றுவிட்டதாம்.

நேரே கடைக்கு வந்தார். பெட்டியை மேஜைமேல் வைத்தார். “வருஷா வருஷம்னா திதியைத்தானே சொல்லணும்? இது இங்கிலீஷ் தேதியைன்னா சொல்லிண்டிருக்கு!” பஞ்சாங்கத்திலேயே வாழ்கிறவருக்கு வருஷம் என்றால் அதுதான். நல்ல வேளையாக அந்த வருஷம் திதிகள் எல்லாம் பிந்தி வந்ததால் எந்த வீடும் தவறிப்போகவில்லை. ஆனால் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. மகனுக்கும் போய்விடும். அந்த வீட்டு மாமி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘திதி இன்னும் வரலையே மாமா, இன்னிக்கு எங்காத்துல வெங்காய சாம்பார், பரவாயில்லையா?’ன்னு கேட்டுட்டா” என்றார்.

பெங்களூரிலிருந்து வந்தவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாங்கத்தோடு நான் அவர் வீட்டுக்குப் போனேன். ‘ஒவ்வொரு வருஷமும்’ எல்லாவற்றையும் அழித்தோம். அவர் மாதம், பட்சம், திதி பார்த்து அந்த வருஷத்துத் தேதியைச் சொல்ல, நான் ஏற்றினேன். நடுவில் மகன் வந்து சேர்ந்தார். பயணப் பையைக் கீழே வைக்கவில்லை. கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வாத்தியார் தலை நிமிரவில்லை. ஒரு தேதியை நான் தப்பாகப் போட்டபோது மட்டும், “ஏகாதசியை துவாதசியில போட்டுட்டேளே, அழியுங்கோ” என்றார்.

கடைசி வீடும் முடிந்தது. வாத்தியார் என்னைப் பார்த்து, “உங்க ஆத்துக்காரி என்னிக்குப் போனா?” என்றார். அதற்கு முந்தின வருஷம்தான் என் மனைவி தவறிப்போயிருந்தாள்; அது அவருக்கும் தெரியும். எனக்கு இங்கிலீஷ் தேதி மட்டும்தான் தெரியும், சொன்னேன். பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டி, “ஐப்பசி, வளர்பிறை சப்தமி” என்றார். பிறகு புதியதைப் பார்த்துத் தேதி சொல்லி, குச்சியை வாங்கி, அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். அவள் பெயரில் ‘ஏ’ மூன்று இடத்தில் வந்தது. ஒன்றிலும் நடுக்கோடு போடவில்லை.

மகன் பையைக் கீழே வைத்தார். என்னிடம் சொன்னார்:

“பெட்டி தப்பு பண்ணினா அப்பா கண்டுபிடிச்சுடறார். அவர் இங்கேயே இருக்கட்டும் சார், வருஷத்துக்கு ஒரு தடவை நீங்க மட்டும் வந்துட்டுப் போங்கோ.”

இப்போது வாத்தியார் கையில் செல்போன். நினைவூட்டும் கருவி விற்றுப் பிழைத்த எனக்குக் கடைசியில் மிஞ்சியது, புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்தக் கருவிக்கு நினைவூட்டப் போகும் வேலை.