துண்டு போர்த்திய கந்தராஜன்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவர் அவர். ஒல்லியான ஆள். மருந்துக் கறையில் நகமெல்லாம் மஞ்சள். மருந்தடிக்கும்போது மூக்கில் கட்டிக்கொள்ள அவருக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். நான் பார்த்தவரை அதை அவர் மூக்கில் கட்டியதே இல்லை. ஏலச்செடிகளின் ஓரத்தில் அவரே நட்ட கந்தராஜன் பூச்செடி ஒன்று, முழங்கால் உயரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அந்தச் சரிவையே மணக்க வைத்தது. துண்டை அதன்மேல் போர்த்திய பிறகுதான் பம்பை முதுகில் மாட்டுவார்.

ஏலக்காய் வாங்கப் போன நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏண்ணே, துண்ட மூஞ்சில கட்டலாம்ல?”

“இந்தப் பூவு எம்மக தலைக்குப் போகுது அப்பு. வெசம் படலாமா?”

“அப்ப ஏலக்காய்?”

“அத நாமளா திங்கப் போறோம்? லோடு லோடா வெளியூருக்குல்ல போகுது!”

சிரித்துக்கொண்டே ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தார். “வீட்ல குடுங்க. மருந்து படாதது.”

சிலமலைக்கு ஜீப்பில் இறங்கும்போது சட்டைப்பையில் பூ மணந்தது. மடியில் அரைக்கிலோ ஏலக்காய். அவரைப் பொறுத்தவரை மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரும் வெளியூர்தான் போலிருக்கிறது. அது போகட்டும். அவருடைய மூக்கு எந்த ஊரில் சேர்த்தி என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.