கஸ்பாரின் கேட்

துறைமுகத்தின் கேட்டில் முப்பத்தோரு வருஷம் பாஸ் பார்த்தவர் கஸ்பார். ஒருநாள் மனைவி ஆலிஸ் சோற்றுக் கூடையோடு வந்தபோது அவளிடமும் பாஸ் கேட்டார். இல்லை என்றாள். கூடையைக்கூட உள்ளே விடாமல், வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஓய்வு பெற்றதும் காவல் காக்கக் கேட் இல்லை. கணினி கற்றுக்கொண்டு தனக்கென்று ஒரு கேட்டைக் கட்டிக்கொண்டார். பழைய கூட்டாளிகள் நூற்றுப்பத்துப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் குழு. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். ஆனால் அலி அக்பர், "வூட்டுக்கு எதுவும் அனுப்பாத, போர்டுல ஒட்டு, நானே வந்து படிச்சிக்கிறேன்" என்றார். அவரைப் போன்ற பதினெட்டுப் பேருக்காக, இணையத்தில் அறிவிப்புப் பலகை போல ஒரு செய்திக்குழு சர்வர். குழுவுக்கு வரும் கடிதத்தைச் சர்வரில் ஒட்ட இடையில் ஒரு நிரல். நிரலும் அவருடையது, சர்வரும் அவருடையது. இருந்தும் நிரல் கடவுச்சொல் சொன்னால்தான் உள்ளே போகலாம்.

கஸ்பார் இறந்த ஒன்பதாம் நாள் அவருடைய கணினியும் டிஸ்க் போய்ப் படுத்தது. கடவுச்சொல் அதில்தான் இருந்தது. சர்வர்களோடு வேலை பார்க்கும் மகள் ஜானட், குழுவை வேறு கணினியில் ஒரே மாலையில் எழுப்பிவிட்டாள். ஆனால் வாடகைக்கு எடுத்த வேறோர் இடத்தில் நலமாக இருந்த செய்திக்குழு சர்வர், நிரலை உள்ளே விடவில்லை. அதன் வாசலில் நாற்பத்து மூன்று கடிதங்கள் நின்றன. எல்லாம் கஸ்பாரைப் பற்றி. கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஜானட் எழுதிய அழைப்பு.

வெள்ளிக்கிழமை காலை அலி அக்பர் போன் செய்தார்.

"இன்னாமா ஜானட்டு, போர்டு காலியா கீது?"

"பாஸ்வேர்டு தெரியல மாமா. அம்மா பேரு, என் பொறந்தநாளு, எல்லாம் போட்டுப் பார்த்தேன்."

"அம்மா பேரா? ஆளையே உள்ள வுடாதவன், பேரை வுடுவானா?"

ஜானட் சிரித்துவிட்டாள்.

"வேற வழி இல்லியா?"

"இருக்கு. சர்வர்ல புதுசா மாத்திடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"அப்பால இன்னாத்துக்கு இத்தினி நாளா குந்திகினு கீற?"

"மாத்தினா நைனா வெச்சது அழிஞ்சிடும் மாமா."

அலி அக்பர் பழைய கேட் கதை ஒன்றை எடுத்தார். "ஜனவரிக்கு ஜனவரி பாஸ் மாத்துவாங்க. பழசை உன் நைனா கிழிச்சிட்டுத்தான் புதுசு குடுப்பான். 'என் மொத பாஸு, வெச்சிக்கிறேன் கஸ்பாரு'ன்னு ஒருக்கா கெஞ்சினேன். என் கண்ணு முன்னாடி நாலா கிழிச்சான். கிழிமா."

கிழித்தாள். புதுக் கடவுச்சொல்லைச் சர்வரிலும் நிரலிலும் எழுதினாள். சர்வர் ஏற்றுக்கொண்டது. நாற்பத்து மூன்றும் வரிசையாக உள்ளே போயின. முதல் கடிதம் கிரேன் ஓட்டிய ஜெகதீசனுடையது: "என் பிரிவுபசாரத்தன்றே என்னைப் பாஸ் கேட்டு நிறுத்தியவர்."

"வந்துகினே கீது," என்றார் அலி அக்பர். "ஞாயித்துக்கெழம கோயிலாண்ட நிப்பேன். ஆமா, புதுசு இன்னா வெச்ச?"

"அதை யாருக்கும் சொல்றதில்ல."

"எனக்குமா?"

"உங்ககிட்ட பாஸ் இருக்கா மாமா?"

"கேட்ல ஆளு இல்லேன்னு நெனச்சேன்," என்றார் அலி அக்பர்.