இழுவை மடிக்குள் நாங்கள் இருவர்

சத்தம்

தண்ணீருக்கடியில் இன்ஜின் சத்தம் கேட்டால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது சொல்லாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல இருக்கும்; சில சமயம் நம் தலைக்குள்ளிருந்தே வருவதுபோலவும் இருக்கும். சத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்பது மட்டும்தான் தெரியும். மணமேல்குடிக்குத் தெற்கே, மூன்று ஆள் ஆழத்தில், அன்று காலை அது கூடிக்கொண்டே வந்தது.

என்னோடு உள்ளே இருந்தவர் பிரவீன். கடற்புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற கல்லூரி மாணவர். கடலடியில் சதுரக் கம்பிச் சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை வகைப் புல் இருக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தார். அவரைப் பத்திரமாக உள்ளே கூட்டிப்போய், பத்திரமாக மேலே கொண்டுவருவது என் வேலை. நான் டைவ்மாஸ்டர்.

சிலிண்டரைத் தட்டி அவரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்தார். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினேன்: தரையோடு படுங்கள், மேலே போகாதீர்கள். படகு தலைக்கு மேல் போகும்போது மேலே எழும்பினால் புரொப்பல்லரில் மாட்டிக்கொள்வோம். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். பல பேருக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். இருவரும் புல்லோடு புல்லாகப் படுத்துக்கொண்டோம்.

படகு எங்களைத் தாண்டிப் போனது. மேலே பெரிய நிழல் ஒன்று வெயிலை மறைத்துவிட்டு நகர்ந்தது. பிரவீன் என்னைப் பார்த்து விரலால் ஓகே காட்டினார். நானும் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கம்பி வடம் ஒன்று சேற்றைக் கிளப்பிக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் ஓடியதைப் பார்த்தேன்.

அரிமளத்திலிருந்து

மேற்கொண்டு சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பதே அதைத்தான்.

எனக்கு அரிமளம். வீட்டில் விவசாயம். கடல் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனாலும் வீட்டில் யாருக்கும் கடலில் காரியம் இருந்ததில்லை. கேட்டரிங் படித்துவிட்டு அந்தமானில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பறை வேலைக்குப் போனேன். பக்கத்திலேயே டைவிங் கடை. ஓய்வு நேரத்தில் அங்கே சிலிண்டர் தூக்கி, வெட் சூட் அலசிக் காயப்போட்டு, அதற்குப் பதிலாகப் பயிற்சி எடுத்துக்கொண்டேன். சான்றிதழ் வாங்கியதும் அங்கேயே டைவ்மாஸ்டர் ஆனேன்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஏன்டி, ஊருல இல்லாத காத்தா? தண்ணிக்குள்ள போயித்தான் மூச்சு விடணுமா?" என்று போனில் கேட்பார்.

நல்லது எது என்று கேட்டால், ஒரு முகத்தைச் சொல்வேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, படிக்கட்டில் இறங்கவே முழங்கால் வலிக்கிறது என்றவர், தண்ணீருக்குள் போனதும் எடையில்லாமல் மிதந்தார். மேலே வந்து முகமூடியைக் கழற்றியவர், "காலே வலிக்கலம்மா, காலே வலிக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதுபோன்ற முகங்களை வேறு எந்த வேலையிலும் பார்த்திருக்க மாட்டேன்.

கெட்டதும் உண்டு. சிலிண்டர் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விடும். சளி பிடித்தால் காது அடைத்துக்கொள்ளும், அன்றைக்கு வேலை கிடையாது. மழைக்காலத்தில் கடை மூடிவிடும். கல்யாணம், காதுகுத்து என்று ஊரில் எது நடந்தாலும் அது சீசனில்தான் வரும். நாம் போக முடியாது. உள்ளுக்குள் எவ்வளவு கலக்கம் இருந்தாலும் வாடிக்கையாளர் முன்னால் முகம் சிரித்தபடியே இருக்க வேண்டும். இதையெல்லாம்தான் நானும் கஷ்டம் என்று நினைத்திருந்தேன், அன்றைய தினம் வரை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் ஊருக்கே திரும்பினேன். எங்கள் புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் ஆவுளியா என்கிற கடற்பசு மேய வருவதால், அது மேய்கிற புல்வெளிகளைக் கணக்கெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி மாணவர்களை உள்ளே கூட்டிப்போக டைவ்மாஸ்டர் தேவைப்பட்டது. வீட்டிலிருந்தே போய்வரலாம். முத்துராக்கு அண்ணனின் பைபர் படகில் போவோம். நாங்கள் உள்ளே இருக்கும்போது அவர் மேலே காவல்.

உள்ளே

கம்பி வடத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. போனது வெறும் படகு இல்லை. பின்னால் மடி என்கிற இழுவலையை இழுத்துக்கொண்டு போகிற விசைப்படகு. அவ்வளவு கரையோரத்தில் மடி இழுக்கக் கூடாது. ஆனால் அது வந்துவிட்டது. புரொப்பல்லருக்குப் பயந்து தரையில் படுத்த நாங்கள், தரையை வழித்துக்கொண்டு வரும் வலைக்கு நேர் எதிரே படுத்திருந்தோம்.

பிரவீனின் ஜாக்கெட் பட்டையைப் பிடித்து மேலே இழுத்தேன். எங்களால் அரை ஆள் உயரம்கூட எழும்ப முடியவில்லை. சேறு ஒரு சுவர் மாதிரி வந்து மோதியது. அப்புறம் இருட்டு. ஏதோ ஒன்று என்னை முதுகோடு அள்ளிப் பின்னால் தள்ளியது. அது வலை என்று தெரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

வலைக்குள் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பிடுங்கிய புல், சேறு, சொறி மீன், நண்டு எல்லாம் முகத்தில் வந்து அப்பின. கை பட்டையை மட்டும் விடவில்லை. மற்ற எதுவும் என் வசத்தில் இல்லை. தலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

பிரவீன் உதைத்தார். உதைத்த வேகத்தைப் பார்த்ததும் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டர் அவர் வாயில் இல்லை என்று தெரிந்துகொண்டேன். மூச்சு விட முடிகிற ஆள் அப்படி உதைக்க மாட்டார். என் மார்பில் தொங்கிய மஞ்சள் ரெகுலேட்டரைத் தடவி எடுத்தேன். கூட வருபவருக்கு அவசரம் என்றால் கொடுப்பதற்காக டைவ்மாஸ்டர் சுமக்கிற இரண்டாவது வாய் அது. தடவித் தடவி அவர் தாடையைப் பிடித்து, வாயில் திணித்து, பட்டனை அழுத்திக் காற்றைத் தள்ளினேன். அவர் இருமினார். அந்த இருமலை என் கையில் உணர்ந்தேன். பிறகு மூச்சு இழுத்தார். ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சு விட்டோம்.

கயிறு, நரம்பு அறுக்கிற லைன் கட்டர் என் தோள்பட்டையில் இருந்தது. வலை இறுக்கமாக ஓடிக்கொண்டிருந்தவரை அதை எடுக்க முடியவில்லை. கை இரண்டும் உடம்போடு அழுந்திக் கிடந்தன. அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை. 'இது நடக்கிறதா?' என்று மட்டும் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

திடீரென்று இழுப்பு நின்றது. வலை தளர்ந்து எங்கள் மேலேயே விழுந்தது. கட்டரை எடுத்து, கைக்கு எட்டிய கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். முதலில் அவரைத் தள்ளி, பின்னாலேயே நானும் வெளியே வந்தேன். இந்த இடத்தில் இளையவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சிலிண்டர் காற்றை இழுத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் குறைந்த ஆழத்திலும் நுரையீரல் கிழிந்துபோகும். மூச்சை வெளியே விடச் சொல்லி அவர் வயிற்றில் தட்டிக்கொண்டே மெதுவாக ஏறினேன். குமிழி வருவது தெரிந்த பிறகே அடுத்த உதை உதைத்தேன்.

மேலே

தலை வெளியே வந்ததும் முதலில் கேட்டது முத்துராக்கு அண்ணனின் குரல். "அரசி! அரசி!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். விசைப்படகுக்கு முன்னால் தன் சின்னப் படகைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார் மனுஷர். மோதியிருந்தால் அவரும் இல்லை. அதனால்தான் அந்த இன்ஜின் நின்றிருக்கிறது.

விசைப்படகின் ஓரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். படகோட்டி கருப்பையா. வாய் திறந்தபடி எங்களைப் பார்த்தார்.

"ஆத்தாடி... ஆளுய்யா... மடிக்குள்ள ஆளுய்யா!"

அடுத்த நொடி தண்ணீருக்குள் குதித்துவிட்டார். பிரவீனை ஒரு பக்கம் அவரும் இன்னொரு பக்கம் நானும் தாங்கிப் படகில் ஏற்றினோம். பிரவீன் தண்ணீரையும் சேற்றையும் வாந்தி எடுத்தார். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து விரலால் ஓகே காட்டினார். நானும் காட்டினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, கிழிசல் இல்லை, பிழைத்துக்கொள்வார் என்று அங்கே டாக்டர் சொன்னார்.

வெளியே வந்தேன். மரத்தடியில் உப்புப் படிந்த கைலியோடு கருப்பையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே யாருடைய பைக்கிலோ வந்திருக்கிறார். கோபத்தோடு நேராக அவரிடம் போனேன்.

"கொடி கட்டியிருந்தோமே அண்ணே. செவப்புல குறுக்க வெள்ளைப் பட்டை. கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது தங்கச்சி."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"ஏதோ புதுக் கட்சிக் கொடின்னு நெனச்சேன்மா. எலெக்சன் வேற வருதா..."

டைவிங் போகிறவர்களுக்கு, 'கீழே ஆள் இருக்கிறது' என்பதற்கு அந்தக் கொடிதான். அதை நம்பித்தான் அத்தனை வருடம் உள்ளே போயிருக்கிறேன்.

"முத்துராக்கு அண்ணன் கையக் காட்டுனாருல்ல?"

"காட்டுனாரு. இங்கிட்டு மீனு கெடக்கு வான்னு கூப்புடுறாருன்னு நெனச்சுட்டேன். அதான் நேரா வந்தேன்." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "கரையோரம் மடி இழுத்தது என் தப்புத்தான். இல்லேங்கல. ஆனா உள்ள ஆளு இருக்கும்னு சத்தியமா தெரியாதும்மா. கடலுக்குள்ள எவன் இருப்பான்?"



ஏலக் கொட்டகை

போலீஸ், மீன்வளத் துறை, விசாரணை எல்லாம் முறைப்படி நடந்தன. கருப்பையா அண்ணனின் படகைக் கொஞ்ச காலம் கடலுக்கு விடவில்லை. கணக்கெடுப்பு நின்றது. "போதும்டி. இனிமே நீ அங்கிட்டுப் போக வேணாம்" என்று அம்மா அழுதார். நானும் போவதில்லை என்றுதான் இருந்தேன். குளியலறையில் தலையில் தண்ணீர் விழுந்தாலே மூச்சு அடைத்தது.

முத்துராக்கு அண்ணன்தான் வந்து கூப்பிட்டார். "எல்லா ஊருப் படகுக்காரவுகளும் வாராக. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் கூட்டம். கொடியைத் தூக்கிக் காட்டி, அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். குமிழி தெரிந்தால் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். சிலர் போன் பார்த்தார்கள். பின்வரிசையில் கருப்பையா அண்ணன் எழுந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். முப்பது வருசமா மடி இழுக்கேன். உள்ள இருந்தா அது எப்படி இருக்கும்? நீ பாத்திருக்கே. சொல்லும்மா."



"மொதல்ல இருட்டுண்ணே," என்றேன். "அப்புறம் எல்லாம் மேல வந்து விழும். நண்டு, சொறி மீனு, எல்லாம். எதுவும் நம்மள கடிக்க வரல. நம்மளப் போலவே அதுகளும் வெளிய போகத்தான் பார்க்குது. பக்கத்துல இருக்குற ஆளு மூச்சு விடுறானா இல்லையான்னு கையால தடவித்தான் தெரிஞ்சுக்கணும்."

யாரும் போன் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்து ஒவ்வொருவராகப் படகின் பெயரைச் சொல்லி, நாங்கள் எந்தெந்த நாளில், எந்தப் பக்கம் இறங்குவோம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

கணக்கெடுப்பு மறுபடி தொடங்கியது. அவர்கள் அப்படிக் கேட்டுப் போன பிறகு எனக்கும் மறுபடி இறங்கத் துணிவு வந்தது. இறங்குவதற்கு முந்தைய நாளே கரையில் போய்ப் பேசிவிடுகிறேன். இந்த வேலையில் நான் கற்றது இதுதான்: கடலுக்குள் எவ்வளவு திறமை இருந்தாலும், மேலே இருப்பவருக்கு நீங்கள் கீழே இருப்பது தெரியாவிட்டால் அந்தத் திறமை உங்களைக் காப்பாற்றாது. அடையாளம் காட்டிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். புரிந்ததா என்று போய்க் கேளுங்கள், அவர் பேசுகிற பேச்சிலேயே.

பிரவீன் பிழைத்து வந்தார். தண்ணீருக்குள் மட்டும் இன்னும் இறங்கவில்லை. நான் அவரை வற்புறுத்துவதும் இல்லை. இப்போது முத்துராக்கு அண்ணனோடு படகில் நின்று காவல் பார்க்கிறார். நாங்கள் மேலே வரும்வரை உட்காரவே மாட்டார், கண்ணை எடுக்கவும் மாட்டார் என்று அண்ணன் சொல்கிறார்.