பதினெட்டுக் கால் சிப்பும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. பூர்வீகம் தென்காசிப் பக்கம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் இருபத்தேழு வருடமாக சேல்ஸ்மேன். உருளியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எத்தனை பேருக்குப் பாயசம் காய்ச்சலாம் என்று சொல்லிவிடுவார். அதோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இவருக்குக் கரண்ட் என்றால் பயம், கரண்ட் சாமான் என்றால் ஆசை. இப்படி ஒருத்தரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாட்டை யாரிடம் போய்ச் சொல்ல?

டேபிள் ஃபேனை ரிப்பேர் பார்க்கிறேன் பேர்வழி என்று வயரை ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்னால் மேசை விரிப்பில் மூன்று ஓட்டை போட்டார் ஒருதடவை. "இனி இந்த வீட்ல புகை வந்தா அது அடுப்புலருந்துதான் வரணும், ஆமா" என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச காலம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தார்.

போன வருடம் எங்கள் மகள் மீனு வேலைக்காக பெங்களூரு போனபோது பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். இன்ஜினியரிங் படிக்கையில் அவள் வைத்திருந்த சிமுலேஷன் சாப்ட்வேர் ஒன்று அதில் கிடந்தது. அதில் சர்க்யூட்டைப் படமாக வரைய வேண்டியது, மைக்ரோகண்ட்ரோலர் என்கிற சிப்புக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டியது, ஸ்டார்ட் பட்டனை அமுக்க வேண்டியது. நிஜத்தில் என்ன நடக்குமோ அது திரையிலேயே நடந்துவிடும். தப்பாக வரைந்தாலும் ஷாக் அடிக்காது, புகை வராது. மனிதருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல ஆகிவிட்டது.

"அதென்னங்க மைக்ரோகண்ட்ரோலர்?" என்று கேட்டேன்.

"நாம சொன்னத, சொன்ன மாதிரி, சொன்ன வரிசையில செய்யும்."

"எதுத்துப் பேசாதோ?"

"பேசாது" என்றவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு சாயா கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது அவருக்கு.

திரையில் சிப்பின் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு எரியும். சிவப்பு என்றால் அங்கே கரண்ட் இருக்கிறது, நீலம் என்றால் இல்லை, சாம்பல் என்றால் இரண்டுமில்லாத ரெண்டுங்கெட்டான். இதைக் கற்றுக்கொண்டதிலிருந்து ஊரில் ஒருத்தரையும் விடவில்லை. முதலாளி இன்றைக்கு சிவப்பு, பக்கத்து வீட்டு பிச்சைக்கனி எப்போதும் சாம்பல். "வடிவு, நீ இப்ப நீலமா சிவப்பா?" என்று அடுக்களை வாசலில் நின்று கேட்பார். கரண்டியைக் காட்டினால் போய்விடுவார்.

எங்கள் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனில் இவர் ஒன்பது வருடமாக மெம்பர். ஆனால் பெயர் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. "பாத்திரம் அண்ணாச்சி"தான். ஓணச் சத்யை விருந்துக்கு அண்டா வேண்டுமென்றால் இவர் ஞாபகம் வரும், அண்டா திரும்பிப் போனதும் மறந்துவிடும். வெளியே சிரித்துக்கொண்டாலும் அது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. எனக்கும் வலித்தது.

இந்த வருட ஓணக் கூட்டத்தில் செயலாளர் ஸ்ரீகுமார், "புதுமையாயிட்டு எந்தெங்கிலும் வேணும்" என்று புதுசாக ஏதாவது செய்யக் கேட்டாராம். இவர் சட்டென்று எழுந்து, "பட்டன அமுக்குனா தானா எரியுற குத்துவிளக்கு நான் செஞ்சு தாரேன். அஞ்சு திரியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எரியும்" என்று சொல்லிவிட்டார். ஸ்ரீகுமார் நம்ப முடியாமல் வாயைப் பிளந்து, "லிங்கம் சாரே, உள்ளதாணோ?" என்று கேட்டிருக்கிறார். சார்! வீட்டுக்கு வந்து அந்த ஒரு வார்த்தையை என்னிடம் எட்டுத் தடவை சொன்னார். விளக்கு எரிந்தால் லிங்கம் சார், எரியாவிட்டால் ஆயுசுக்கும் பாத்திரம் அண்ணாச்சி.

திரையில் முதலில் நாலு திரிதான் எரிந்தது. முதல் திரி பட்டினி. புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினார், பொட்டு நிறம் மாறுவதைப் பார்த்தார், மூன்றாம் நாள் "ஏட்டி!" என்று கத்தினார். சிப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணுமாம், இவர் ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தாராம். திருத்தியதும் ஐந்தும் வரிசையாக எரிந்தன. எனக்கே கை தட்டத் தோன்றியது.

பிறகு நிஜ வேலை. கடையிலிருந்து பித்தளை விளக்கு வந்தது. ஐந்து முகத்திலும் திரிபோல எல்.இ.டி., அடிப்பாகத்துக்குள் பேட்டரியும் சிப்பும். சால்டரிங் வேண்டாம் என்று, வயரைச் செருகினாலே போதுமென்கிற ஓட்டைப் பலகையில் திரையைப் பார்த்து அச்சு அசலாக இணைத்தார். பட்டனை அமுக்கினார்.

எரியவில்லை.

இவர் சந்தேகப்படாத ஆள் பாக்கியில்லை. எல்.இ.டி.யை, பட்டனை, சிப்பில் புரோகிராமை ஏற்றித் தந்த கடைக்காரரை, கடைசியில் என்னை. "நீ தூத்துப் பெருக்கும்போது தட்டிட்டியோ?" லேப்டாப்பில் ஓட்டினால் அங்கே ஜம்மென்று எரிகிறது. உடனே இவருக்கு ஒரு யோசனை. நிஜத்தில் எரியாதது திரையில் மட்டும் ஏன் எரிகிறது என்று, எரிகிறதை எரியாமலாக்கப் பாடுபட்டார். ஒரு வயரை அறுப்பார், பட்டனைத் திருப்பிப் போடுவார். இரண்டு நாள் கழித்துத் திரையிலும் எல்லாம் இருண்டுவிட்டது. "இப்ப சரியா வந்துட்டு! ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு!" என்று துள்ளினார். தலையில் அடித்துக்கொண்டேன்.

விழாவன்று காலையில் மனிதர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "வயித்து வலின்னு சொல்லிட்டுத் தென்காசிக்கு பஸ் ஏறிரட்டுமா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு சர்க்யூட் தெரியாது. ஆனால் மணக்காட்டுச் சந்தையில் நண்டு வாங்கினால் கால் எண்ணாமல் வாங்க மாட்டேன். அவர் கையிலிருந்த சிப்பின் கால்களை எண்ணினேன், பதினெட்டு. திரையிலிருந்ததை எண்ணினேன், பதினாறு.

"இங்கேருங்க, இதுல ரெண்டு கால் குறையுதே?"

"குறையாது. அது கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர்னா என்ன? எண்ணிப் பாருங்க."

எண்ணினார். மறுபடி எண்ணினார். மகளுக்கு போன் போட்டார். படம் நெரிசலாக இருக்கக் கூடாதென்று அந்த சாப்ட்வேர், சிப்புக்குக் கரண்ட் போகிற இரண்டு கால்களை மறைத்து வைத்துவிட்டு, கரண்டைத் தானே கொடுத்துக்கொள்ளுமாம். இவர் படத்தில் இல்லாததை இணைக்கவில்லை. ஒன்பது நாளாக அந்தச் சிப்புக்குச் சோறே போடாமல் வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்! இரண்டு வயர் செருகினார், பட்டனை அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

சாயங்காலம் பந்தலில் நல்ல கூட்டம். மேடையில் விளக்கு, பக்கத்து ஸ்டூலில் ரிப்பன் கட்டிய பட்டன், அதன் அருகில் வேட்டி சட்டையில் இவர். சிறப்பு விருந்தினர் ஹரிநாராயணன், ரிட்டயர்டு பிரின்ஸிபல். ஊரில் வருடத்துக்கு நாற்பது விளக்காவது ஏற்றுகிறவர். அவர் வந்து நின்றதும் ஸ்ரீகுமார் பழக்க தோஷத்தில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அவர் கையில் கொடுத்துவிட்டார். அவரும் பழக்க தோஷத்தில் அதை எல்.இ.டி.யில் பிடித்தார்.

பிளாஸ்டிக் உருக ஆரம்பித்தது. பட்டனை விருந்தினர் அமுக்க வேண்டும், அதுதான் இவருடைய பெருமை. யாருமே அமுக்காவிட்டால் விளக்கு எரியாது, அத்தனை பேர் முன்னால் பெரியவருக்கு அவமானம். இவர் ரிப்பனைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, தானே அமுக்கிவிட்டார். முதல் திரி எரிந்தது. ஹரிநாராயணன் இரண்டாவதுக்கு மெழுகுவர்த்தியைக் கொண்டுபோவதற்குள் அது எரிந்துவிட்டது. மூன்றாவதுக்கு ஓடினார், அதுவும் முந்திக்கொண்டது. மனிதர் மெழுகுவர்த்தியை ஒருதரம் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஸ்ரீகுமாரிடம் திருப்பிக் கொடுத்தார். கூட்டம் எப்போதும்போலக் கை தட்டியது.

விளக்கு பட்டனால் எரிந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஸ்ரீகுமார் மைக்கில் பந்தல்காரருக்கு நன்றி சொன்னார், மைக்செட்காரருக்கு நன்றி சொன்னார். "பின்னே அண்டா தந்து சகாயிச்ச நம்மட பாத்திரம் அண்ணாச்சிக்கும்" என்றார். இவர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஹரிநாராயணன் பேச ஆரம்பித்தபோது காற்று அடித்தது. பந்தல் துணி பறந்தது, அத்தப்பூக் கோலம் பாதி தெருவுக்குப் போயிற்று, பேச்சுத்தாள் யார் மடியிலோ விழுந்தது, மழைச்சாரல் மேடைவரை வந்தது. விளக்கு மட்டும் அசையவில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். "ஈ விளக்கு எந்தா அணையாத்தது?" என்று கிட்டே போய் ஊதினார். அணையவில்லை. பொருளாளர் சுவாமிதாஸ் ஊதினார். பிறகு வரிசை கட்டி ஆளாளுக்கு ஊதினார்கள். அப்போதுதான் ஸ்ரீகுமார் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயோ, இது லிங்கம் சார் உண்டாக்கினதல்லே! சாரே, இங்கோட்டு வரணும்! அணைச்சுக் காட்டணும்!" என்று மைக்கில் அலறினார்.

இவர் என் பக்கம் சாய்ந்தார். "ஏட்டி, அணைக்க புரோகிராம் எழுதவே இல்ல. லேப்டாப்புல ஸ்டாப் பட்டன் இருக்கும்லா, அத அமுக்கிருவேன்."

"எந்திரிச்சுப் போய் மைக்குல சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"அணையாதுன்னு சொல்லுங்க."

போனார். தொண்டையைக் கனைத்தார். "இது அணையாது" என்றார். பந்தல் அதிர்ந்தது.

விழா முடிந்தும் அது எரிந்துகொண்டேதான் இருந்தது. இவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி மழையில் நடந்தார். நனைந்தாலும் அணையாத விளக்குக்கு ஸ்ரீகுமார் குடை பிடித்தார். பின்னால் பாதித் தெரு. ஒவ்வொரு கேட்டிலும் நின்றவர்கள் "லிங்கம் சாரே, எங்க வீட்டுக்கும் ஒண்ணு" என்றார்கள். எங்கள் வாசல் நெருங்கும்போது இவர் என் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"வடிவு, இப்பதான் ஓர்மை வருது. அடிப்பாகத்தத் திருகி பேட்டரிய எடுத்தா அணைஞ்சிரும்."

"அது எனக்கு அப்பமே தெரியும்" என்றேன். "காலைல பேட்டரிய எடுத்து அணைச்சு, மறுபடி மாட்டி வச்சதே நான்தான். பேசாம இன்னொரு சுத்து நடங்க."