ஒரு கடகம் விதை வெங்காயம்

உடுவிலில் வெங்காயத் தோட்டம் செய்த கமக்காரர் தியாகலிங்கத்துக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் அவர் மனைவி கனகாம்பிகை. அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் குளிசைகளை அவர் தினமும் விழுங்கினார். மண்ணும் தூசியும் ஆகாதென்று டொக்டர் சொன்னதால், தோட்டப் பக்கமே அவள் அவரை விடவில்லை.

இப்போது இருமலில் இரத்தம் வந்தது.

"நுரையீரலுக்குள்ள பூஞ்சணம் பரவியிருக்கு. எங்களை ஒண்டும் செய்யாது, இவருக்கு உயிராபத்து. தோட்டத்துக்குப் போனவரோ?" என்றார் டொக்டர்.

"வீட்டுப் படலையே தாண்டேல்லை," என்றார் தியாகலிங்கம், மூச்சு வாங்க.

கனகாம்பிகைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சும்மா இருந்தால் மனுசன் வீட்டை இரண்டாக்கிவிடுவார் என்று, இரண்டு கிழமைக்கு முன் ஒரு பனையோலைக் கடகம் நிறைய விதை வெங்காயத்தை அவர் முன்னால் வைத்திருந்தாள். தோலில் அப்பியிருந்த கறுப்புப் பூஞ்சணத்தை அவர் ஊதி ஊதித் துப்பரவாக்கினார்.

"டொக்டர்," என்றாள், "வெங்காயக் கடகத்தை நான்தான் எடுத்துக் குடுத்தனான்."