முன்னாடி மூஞ்சி

திரையை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தைச் சுவர் ஆணியில் மாட்டிய பிறகுதான் ரேணுகாம்பாள் ஒரு மணப்பெண்ணின் முகத்தில் கை வைப்பாள். பெண்ணைப் பெற்ற அம்மாவுக்கும் உள்ளே இடமில்லை. "நீ வெளிய குந்தும்மா. உம் பொண்ண நான் இன்னா முழுங்கிடவா போறேன்?" என்பாள். அத்தை, சித்தி, நாத்தனார் என்று யார் எட்டிப் பார்த்தாலும் இதே மரியாதைதான்.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு பக்கம், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது அவள் பியூட்டி பார்லர். முன்னறை கடை, பின்னறை வீடு. புருவம் திருத்தும் நூலைப் பல்லில் கடித்தபடியே பேசுவாள். பழகியவர்களுக்கு மட்டும் புரியும். காலேஜ் பெண்கள் ப்ளீச் கேட்டு வந்தால் விரட்டிவிடுவாள். "இந்த வயசுல இன்னாத்துக்கு ப்ளீச்சு? போய் மோரு குடி, போ."

பஸ்ஸில் வாடிக்கையாளர் யாராவது எதிர்ப்பட்டால், அவர்களாகச் சிரிக்கும்வரை இவள் சிரிக்க மாட்டாள். கல்யாணத்தில் பார்த்தால் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டாள். "அவ மூஞ்சி எப்படி கீதுன்னு எனக்குத் தெரியும். அது ஊருக்கு எதுக்குத் தெரியணும்?" என்று கேட்பாள். அவள் தொழிலுக்கு யாரும் எழுதித் தராத சட்டம் இது. ஒரு நாளும் மீறியதில்லை.

மீறியது அவள் வீட்டுக்காரன் மோகன்ராஜ். மறைமலை நகரில் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை. ஊரே இணையத்தில் ஆர்க்குட் பக்கம் குடியேறிக்கொண்டிருந்த 2008-இல், கேக் கடை முதல் டியூஷன் வாத்தியார் வரை எல்லோரும் அங்கே கடை விரித்திருக்க, பெண்டாட்டியின் பார்லருக்கும் ஒரு பக்கம் திறந்தான். மருதாணி, ஜடை அலங்காரம் இவற்றைப் போட அவளும் சம்மதித்தாள். பள்ளிக்கரணையிலிருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தும் போன் வந்தது. "எங்கூட்டுக்காரரு மூளக்காரரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

மூளைக்காரன் அதோடு நின்றிருக்கலாம். கல்யாணத்துக்கு முன் நிறம் பொருத்திப் பார்ப்பதற்காக, பெண்களின் வெறும் முகத்தைத் தன் போனில் படம் பிடித்து வைப்பது ரேணுகாம்பாளின் வழக்கம். வேலை முடிந்ததும் அழித்துவிடுவாள். அதற்குள் ஒரு படத்தை இவன் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கல்யாணப் படத்தோடு பக்கத்தில் ஒட்டி ஆர்க்குட்டில் போட்டிருந்தான். சேலையூர் பெண் சின்மயி, இடது பக்கம் பருத் தழும்போடு. வலது பக்கம் மாலையும் கழுத்துமாக. கீழே "எங்கள் கைவண்ணம்" என்று பெருமை வேறு.

"லெஃப்ட்ல இருக்கறது பாட்டியா?" என்று ஒருவன் எழுதினான். "மாப்பிள்ளை பாவம்" என்றான் இன்னொருவன். அப்போதாவது எடுத்தானா? பார்லரின் பெயரிலேயே பதில் போட்டான்: "உங்க வீட்டுல இதவிட மோசமா இருந்தாலும் கூட்டிட்டு வாங்க, சரி பண்ணித் தரோம்." நம்பி வந்த பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தி, போகிறவன் வருகிறவனோடு சேர்ந்து எந்தக் கடைக்காரனாவது சிரிப்பானா? கம்ப்யூட்டரில் என்றால் மட்டும் சிரிக்கலாமாம். அதற்குப் பெயர் விளம்பரமாம்! நாற்பது பேர் வந்து பார்த்ததில் அவனுக்கு மகா சந்தோஷம்.

சின்மயி போன் செய்தபோது ரேணுகாம்பாள் ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் ஹஸ்பண்ட் ஆபீஸ்ல யாரோ அந்த போட்டோவ ப்ரிண்ட் எடுத்து அவர் டேபிள்ல வெச்சிருக்காங்க. போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

அந்தப் பெண் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எந்த போட்டோ என்று இவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பாதியில் நின்ற புருவத்தை முடித்து அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கினாள்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவனைச் செருப்பைக் கழற்றவும் விடவில்லை.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற? என்ன நம்பித்தான்யா அந்தப் பொண்ணு மூஞ்சியக் குடுத்துச்சு!"

"இரு, இப்பவே தூக்கிடறேன். இதுல இன்னா பேஜாரு? உன் தொழிலுக்காகத்தான போட்டேன்?"

"தூக்கு. அப்பால தப்பு எங்க மேலதான்னு எழுது. எல்லாரும் படிக்கற மாதிரி எழுது. அந்தப் பொண்ணு பேரப் போட்ட, கைய ஒடிச்சிடுவேன்."

பக்கத்திலேயே நின்று எழுத வைத்தாள். பிறகு சின்மயிக்குப் போன் போட்டு, தான் செய்த தப்பாகவே சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பக்கம் "ம்" என்று ஒரு குரல் வந்தது, அவ்வளவுதான்.

மோகன்ராஜுக்கு இன்னும் ஆறவில்லை. "முன்னாடி மூஞ்சி இல்லாம பின்னாடி மூஞ்சிய மட்டும் போட்டா எவ வருவா? நல்லா கீற பொண்ணுக்குத்தான் மேக்கப் போட்டாங்கன்னு நெனப்பாளுங்க" என்று முனகினான்.

ரேணுகாம்பாள் அவனையே பார்த்தாள். எழுந்துபோய் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பவுடர், மை, பொட்டு எல்லாம் போயின. இரண்டு கன்னத்திலும் மங்கு கருப்பாகப் படர்ந்திருந்தது. தலைமுடியைப் பின்னால் இழுத்துக் குத்தி, மணப்பெண்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள்.

"எடு."

"உன்னியா?"

"என்னத்தான். முன்னாடி மூஞ்சி வோணும்னியே."

கேமராவைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். "வேணாம் ரேணு. எங்க கம்பெனிப் பசங்க எல்லாம் பார்ப்பானுங்க."

ரேணுகாம்பாள் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கேமராவைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.